மூன்று செட் கறுப்பு

உப்பளக் காலனிக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் தலைமுடியை வைத்து வயசைக் கணக்குப் போடுவதில்லை, இருபது வயசுப் பிள்ளை காதோரம் நரைத்துப்போய் வந்து காப்பி கொடுத்தால், "பிள்ளைக்கு என்ன சர்டிபிகேட்டு எடுத்திய?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சாதிச் சான்றா வாரிசுச் சான்றா என்று தெரிந்துகொண்டு, நிம்மதியாகக் காப்பியைக் குடிக்கிறார்கள். இந்தப் பழக்கம் சண்முகவடிவு வீட்டுக்குப் பிரிண்டர் வந்த வருஷத்தில் தொடங்கியது; பிரிண்டரை வாங்க வைத்தது தாலுகா ஆபீஸ்; தாலுகா ஆபீஸுக்கு அவளை நடக்க வைத்தது அவள் மகள் இசக்கிரேகா பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கு. நல்ல மார்க்கு வாங்கியதுதான் அந்தப் பிள்ளை செய்த ஒரே குற்றம்.

நர்சிங் காலேஜில் சீட்டு கிடைத்துவிட்டது. ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்குச் சர்க்கார் ஃபீஸில் சலுகை கொடுக்கிறது. அந்தச் சலுகை இல்லாமல் உப்பு வாருகிறவள் மகள் காலேஜ் கேட்டைக்கூட மிதிக்க முடியாது. சலுகைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். அதை அட்மிஷன் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். முதல் பட்டதாரி மனுக்களை மட்டும் பார்க்கிற கிளார்க் குலசேகரன், தலைக்குப் பளபளவென்று டை அடித்துக்கொண்டு, சண்முகவடிவை நிற்க வைத்தே பேசினான்.

"உங்க குடும்பத்துல யாரும் டிகிரி படிக்கலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"படிச்சிருந்தா நான் எதுக்குய்யா உப்பளத்துல கெடந்து வேகுதேன்?"

"அதெல்லாம் பேச்சு. பேப்பர் கொண்டாங்க. உங்க டி.சி., உங்க வீட்டுக்காரர் டி.சி., அவர்கூடப் பொறந்தவங்க டி.சி., ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுக்காரர் இறப்புச் சான்று. எல்லாம் மூணு செட்டு."

படித்தவன் படித்ததற்குக் காகிதம் காட்டுவான், அது நியாயம். படிக்காதவன் படிக்காததற்குக் காகிதம் காட்ட வேண்டும் என்றால், பட்டினி கிடந்தவனைப் பார்த்து, நீ சாப்பிடாததற்கு எச்சில் இலையைக் கொண்டு வா என்று கேட்கிற மாதிரி அல்லவா இருக்கிறது! சண்முகவடிவு அஞ்சாம் கிளாஸ். அவள் புருஷன் ஆவுடையப்பன், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பாத்தியிலேயே சுருண்டு விழுந்து செத்தவன், எட்டாம் கிளாஸ். இதை அந்தக் காலனியில் எந்த நாயைக் கேட்டாலும் சொல்லும்.

ஆனாலும் அவள் எடுத்துக்கொண்டு போனாள். ரேஷன் கார்டில் பின்பக்கம் இல்லை என்றான். பின்பக்கத்தோடு போனால் முன்பக்கம் தெளிவில்லை என்றான். தெளிவாக எடுத்துப் போனால் கொழுந்தனுடைய டி.சி.யில் இனிஷியல் இடிக்கிறது என்றான். ஜெராக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது, ஒரு தாள் எடுக்கப் போனால் அரை நாள் கூலி போயிற்று, கங்காணி வேறு, "நீ உப்பு வார வாறியா, ஊரு சுத்த வாறியா?" என்று கேட்டான். "வீட்டுலயே ஒரு மிஷின் கெடந்தா ராத்திரி எடுத்து வச்சிக்கிடலாம்மா" என்று ரேகா சொன்னாள். மாசாமாசம் கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்த கையோடு சண்முகவடிவு டவுனில் இருந்த பெரிய கடைக்குப் போனாள்.

கழுத்தில் டை கட்டிய பையன் ஒருவன் வரிசையாகக் காட்டினான். "யக்கா, இது லேசர். எழுத்து நல்லா கறுப்பா விழும், ஆனா கலர் போட்டோ வராது. இது டேங்க் வச்சது. மையப் பாட்டில்ல வாங்கி ஊத்திக்கிடணும். வாங்கும்போது வெல கூட, பெறவு பக்கத்துக்குச் செலவு கம்மி. இந்தா இருக்குல்லா, இது கார்ட்ரிட்ஜ் போடுதது. போட்டோ அப்படியே உசுரோட வரும். வெலையும் இருக்கதுலயே கம்மி. மாசம் எத்தன பக்கம் எடுப்பிய?"

"ஆபீஸ்காரனுக்கு வயிறு நெறையிற வரைக்கும்."

அவள் கை டேங்க் வைத்ததன் மேல்தான் முதலில் போயிற்று. விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். "இதுக்கு மை டப்பா என்ன வெல?" என்று சின்னதைக் காட்டிக் கேட்டாள்.

"அது தீரும்போது பாத்துக்கிடலாம்க்கா" என்று அந்தப் பையன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னான். விலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருத்தன் ஃபேனைப் பார்த்தால் அங்கே ஒரு குழி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இல்லாதவள் தெரிந்தேதான் குழியில் இறங்குகிறாள், ஏனென்றால் சுற்றிப் போகிற பாதைக்கு அவளிடம் காசு கிடையாது.

வீட்டுக்கு வந்த புது மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், எலுமிச்சம்பழம் நறுக்கினாள். எதிர்வீட்டு மரியதங்கம், எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள், வாசலில் நின்று வைத்த கண் வாங்காமல் பார்த்ததால், திருஷ்டிக்கயிறும் கட்டிவிடலாம் என்று நினைத்தாள். கறுப்புக் கயிறு வீட்டில் இல்லை. சவரி செய்யலாம் என்று, சீப்பில் உதிர்ந்த முடியையெல்லாம் சுருட்டிச் சுவர் இடுக்கில் சொருகி வைத்திருந்தாள். அதை எடுத்துக் கயிறாகத் திரித்து மிஷினின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கயிறுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தலைமுடியைக் கட்டினால் தலைமுடியைத்தானே கேட்கும் என்பது அவர்கள் கட்சி.

மை பாதி செட்டிலேயே தீர்ந்துபோனது. ஆவுடையப்பனின் டி.சி. பாதிக்கு மேல் வெளுத்து வந்தது. கடைக்கு ஓடினாள். "கூட வாற மை கொஞ்சந்தான் இருக்கும்க்கா, அது சும்மா ஓட்டிப் பாக்கதுக்கு" என்றான் டை கட்டினவன். புது மை டப்பாவின் விலையைச் சொன்னான். கிட்டத்தட்ட இன்னொரு மிஷினே வாங்கிவிடலாம்.

"சுண்டைக்கா காப்பணம், சொமகூலி முக்காப்பணமா? இத அன்னைக்கே சொல்ல ஒனக்கு நாக்கு வரலியோ?" கடையே திரும்பிப் பார்த்தது. "அன்னைக்கு ஃபேனப் பாத்தியே, இன்னைக்கும் அதையே பாருல! நீ வெளங்குவியா?"

வீட்டுக்கு வந்தவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மிஷினில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டு இருந்தது. "என்னல முழிக்க? பத்து தாள் அடிக்க ஒனக்கு வக்கில்ல, சந்தனம் குங்குமம் ஒரு கேடா?" என்று மூடிமேல் ஓங்கி ஒரு அறை கொடுத்து, வைத்த கையை எடுக்காமல் பொத்தானை அமுக்கினாள். மிஷின் ஒரு தரம் செருமிவிட்டு வேலையை ஆரம்பித்தது. ஆவுடையப்பனின் டி.சி. கருகருவென்று, எண்ணெய் தேய்த்து வாரிய மினுமினுப்போடு வந்து விழுந்தது.

"எம்மா, ஒன் காதுக்கு மேல வெளுத்துருக்கு" என்றாள் ரேகா.

"வெளுத்தா வெளுக்கட்டும். எழுத்து தெளிவா விழுந்திருக்கான்னு பாரு."

விஷயம் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் தெரிந்தது. அதற்கடுத்து வாசலில் வரிசை நின்றது. கடைக்குப் போனால் அரை நாள் கூலி போகும், தலைமுடிக்கு எவன் கூலி கொடுக்கிறான், அது சும்மாதானே வளருகிறது என்று காலனி கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைக் கேட்டு யாருக்கும் வயிறு எரியவில்லையே என்பதுதான் சண்முகவடிவுக்கு வயிற்றெரிச்சல். மூடிமேல் யார் கை இருக்கிறதோ அவர்கள் கறுப்பில்தான் அச்சு விழும் என்பது தெரிந்தது. யாரும் கை வைக்காமல் விட்டால் பக்கத்தில் மையாகவும் அச்சாகவும் இருக்கிற கறுப்பை இழுத்துக்கொள்ளும் என்பதும், காலண்டரில் அந்த வருஷத்துத் தேதிகள் முழுக்கக் காணாமல் போனபோது தெரிந்தது. காலண்டருக்குக் கீழேயே கிடந்த, அவள் அடித்து வைத்த ஆவுடையப்பனின் டி.சி. நகல் மட்டும் கொஞ்சமும் வெளுக்கவில்லை. மனுஷன் தலையிலிருந்து ஒருதரம் எடுத்த கறுப்பை அந்த மிஷின் திரும்ப எடுப்பதில்லை. ஆபீஸ்காரனுக்கு இல்லாத நாணயம் அதற்கு இருந்தது.

சாயம் செல்லாது. உப்பு லாரி லோடுமேன் பிச்சைக்கனி, முறுக்கு மீசைக்குப் பேர்போனவர், மீசைக்கு டை அடித்துக்கொண்டு வந்து கை வைத்தார். மிஷின் வெள்ளைத் தாளைத் துப்பியது. ஒரு மாசம் பொறுத்து, டை போய் உள்ளே மிச்சமிருந்த அசல் கறுப்போடு வந்தார். வீட்டு வரி ரசீது அடித்து முடிக்கையில் இடது மீசை மட்டும் வெளுத்திருந்தது. "வலதும் வெளுத்தாத்தாம்வே பொருத்தமா இருக்கும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "அது தண்ணி வரிக்கு" என்று அவர் தடவிக்கொண்டார். மரியதங்கத்துக்கு வாரிசுச் சான்று எடுக்க வேண்டியிருந்தது. அவள் குடும்பத்தில் வாரிசுகள் அதிகம், முடி குறைவு. எருமையைப் பிடித்து வந்து, வாலை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து மூடிமேல் வைத்தார்கள். எருமை அசை போட்டுக்கொண்டே கொம்பிலிருந்து குளம்பு வரை வெளுத்தது. மறுநாள் அவள் பாலுக்குப் பசும்பால் விலை சொன்னாள் என்று பெரிய சண்டை. திருச்செந்தூருக்கு மொட்டை போட நேர்ந்திருந்தவர்கள், முருகனுக்கு வெளுத்த முடியைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாரா என்று பூசாரியிடம் கேட்டார்கள். ஆபீஸில் கேட்காமல் என்னிடம் கேட்கிறீர்களே என்று அவர் எரிந்து விழுந்தார். கொஞ்ச நாளில் காலனியில் ஒருவன் தலையைப் பார்த்தாலே அவன் எந்த ஆபீஸில், எத்தனை நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிடலாம் என்றாயிற்று.

சண்முகவடிவு தன் மூன்று செட்டையும் அடித்து முடித்தபோது, உச்சியிலும் பின்னலின் நுனியிலும் மட்டும்தான் கறுப்பு மிச்சம். ரேகாவை மட்டும் அவள் மிஷின் பக்கம் அண்ட விடவில்லை. பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், அப்படியே தகப்பன் வழி முடி. குலசேகரன் மூன்று செட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"வீட்டுக்காரர் போட்டோ வேணும். கலர்ல. கறுப்பு வெள்ளை செல்லாது."

"செத்துப் போனவருய்யா."

"அதான் போட்டோ கேக்குறேன். ஆள் இருந்தா ஆளையே கூட்டிட்டு வரச் சொல்லிருப்பேன்ல?"

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சொன்னதைக்கூட மன்னிக்கலாம், சிரித்ததை மன்னிக்க முடியாது.

போனில் ஒரே ஒரு படத்தில்தான் ஆவுடையப்பன் ஒழுங்காக இருந்தான்; தங்கச்சி கல்யாணத்தில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பந்தியில் பாயசம் கேட்டுச் சிரிக்கிற படம். சண்முகவடிவு அதை மிஷினுக்கு அனுப்பிவிட்டு மூடிமேல் கை வைத்தாள். சட்டைக்கு வேண்டிய நீலம் வாசல் கதவிலிருந்து போயிற்று. உதட்டுக்கு வேண்டிய சிவப்பு மிளகாய்ப்பொடி டப்பாவிலிருந்து போயிற்று. வெயிலில் காய்ந்த அவன் முகத்தின் நிறம் பானையில் இருந்த கருப்பட்டியிலிருந்து போய், கருப்பட்டி சுண்ணாம்புக் கட்டியாக மிஞ்சியது. கடைசியில் அவன் தலையும் மீசையும் கண்ணின் பாப்பாவும் வர வேண்டியிருந்தது. அதற்கு அவள் தலையில் இருந்த மிச்சக் கறுப்பு அத்தனையும் போயிற்று. தாளில் அவன் பாயசம் கேட்டுச் சிரித்தபோது அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவி மனுசா, இப்பவும் சாப்பாட்டு நெனப்புதான் ஒமக்கு" என்று சொல்லி அழுதாள். ஒரு தாளுக்குத்தான் அவளிடம் கறுப்பு இருந்தது. அதைச் செட்டோடு சேர்த்துக் கொண்டு போய்க் குலசேகரன் கையில் கொடுத்தாள்.

அட்மிஷன் முடிய ஒரே நாள் இருந்தபோது அவன் சொன்னான்: "உங்க ஃபைலைக் காணோம். இங்கனதான் இருந்துச்சு. இன்னொரு மூணு செட்டு கொண்டாங்க, போட்டோவோட."

"காணோமா?"

"ஆயிரம் ஃபைல் வருது, போகுது. ஒண்ணு தவறுறதுதான்."

அவள் வீட்டுக்கு வந்தாள். ரேகா அம்மா முகத்தைப் பார்த்தாள், விஷயம் புரிந்தது, பின்னலைப் பிரித்துவிட்டுக்கொண்டே மிஷின் முன்னால் போய் நின்று மூடிமேல் கையை வைத்தாள். "நான் குடுக்கேன்மா. முடிதான, போனாப் போவுது."

சண்முகவடிவு அந்தக் கையைத் தட்டிவிட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டது.

"எடுட்டி கைய! ஒங்கப்பனுக்கு நான் குடுத்தேன், அது வேற. அவரு எனக்கு வேணும், குடுத்தேன். அந்தப் பய தொலைச்சதுக்கு நீ ஏம்ட்டி குடுக்கணும்? நீ படிக்கதுக்கு முந்தியே ஒன்னைக் கெழவியாக்கிட்டு ஒரு சர்டிபிகேட்டா? ஒத்த முடி குடுக்க மாட்டேன். இனிமே குடுக்க வேண்டியது நாம இல்ல."

காலையில் மிஷினை மரியதங்கத்தின் பால் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். எங்கே போகிறாள் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பின்னால் மரியதங்கம் வந்தாள், ஒற்றை மீசையோடு பிச்சைக்கனி வந்தார், வெளுத்த தலைகள் தெரு தெருவாக வந்து சேர்ந்தன, கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு வெள்ளை எருமையும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் முதியோர் உதவித்தொகைக்கு ஊர்வலம் போகிறது என்று நினைத்து வழிவிட்டார்கள்.

குலசேகரனின் மேஜைமேல் இருந்த டீ கெட்டிலைக் கழற்றிவிட்டு, அந்தப் பிளக்கில் மிஷினைச் சொருகினாள் சண்முகவடிவு.

"என்னம்மா பண்ணுற? யாரைக் கேட்டு வச்ச?"

"மூணு செட்டு கேட்டியள்லா? இங்கனயே எடுத்துத் தாறேன்."

ரேஷன் கார்டை உள்ளே வைத்தாள். பொத்தானை அமுக்கினாள். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மிஷின் செருமியது. முதலில் மூலையில் இருந்த ஆபீஸ் பிரிண்டரின் மையைக் குடித்தது. பிறகு சுவரில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்றிருந்தது எழுத்து எழுத்தாக வெளுத்து, உள்ளே வரலாமா கூடாதா என்று சொல்ல முடியாத வெறும் பலகையாயிற்று. பிறகு சீல் வைக்கிற பேடு, பேனாக்கள், குலசேகரனின் பெயர்ப் பலகை. பிறகு அலமாரி. அந்த அலமாரியில் எத்தனை வருஷத்து 'நாளை வா', எத்தனை பேருடைய 'தெளிவில்லை', எத்தனை 'மேலதிக விவரம் தேவை'! எல்லாம் எழுத்தைவிட்டு எழுந்து, சாம்பல் மாதிரி காற்றில் மிதந்து வந்து மிஷினுக்குள் இறங்க, தாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. குலசேகரன் ஒரு ஃபைலைப் பிரித்தான், வெள்ளை. இன்னொன்றைப் பிரித்தான், வெள்ளை. சித்திரை மாசத்து உப்புக் குவியல் போல அவனைச் சுற்றி வெறும் காகிதம் குவிந்தது.

அந்த அறை முழுக்க வெளுத்த பிறகுதான் ரேகா கையை நீட்டினாள். "எம்மா, அங்க பாரு."

ஒரு இடத்தில் மட்டும் கறுப்பு மிச்சமிருந்தது. குலசேகரனின் மேஜையில் ஒரு கால் குட்டை. ஆடாமல் இருக்க அந்தக் காலுக்கு அடியில் ஒரு தாள் கட்டை மடித்துச் சொருகியிருந்தார்கள். சண்முகவடிவு குனிந்து, மேஜையைத் தோளால் நெம்பி, அதை உருவினாள். அஞ்சாம் கிளாஸ் டி.சி., எட்டாம் கிளாஸ் டி.சி., ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, மூன்று செட்டும் கருகருவென்று எண்ணெய் மினுமினுப்போடு அப்படியே இருந்தன. நடுவில் நீலச் சட்டையோடு ஆவுடையப்பன் இருந்தான். மேஜைக்கால் பதிந்த பள்ளம் அவன் நெற்றியில் கிடந்தது.

எருமை ஜன்னலுக்கு வெளியே மூச்சு விட்டது.

"எம்புருசன் நெத்தியிலயால ஒனக்கு மேசை ஆடாம நிக்கணும்?" என்று சண்முகவடிவு கேட்டாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து தாசில்தார் எட்டிப் பார்த்தார். வெளுத்த அலமாரியைப் பார்த்தார், வெளுத்த தலைகளைப் பார்த்தார், தன் அறைக் கதவைத் தாண்டித் தன் ஃபைல்களையும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "அந்த அம்மாவுக்கு உடனே குடுத்து அனுப்புய்யா" என்றார். கம்ப்யூட்டர் திரையில் இருப்பது மை இல்லை, வெளிச்சம், அதனால் அது மட்டும் தப்பியிருந்தது. அவர் குனிந்து ஒரு தட்டுத் தட்டினார். சான்றிதழ் திரையில் வந்து நின்றது. ஒரே ஒரு தட்டு! இந்த ஒரு தட்டுக்கா ஒரு காலனியே நரைத்தது!

"பிரிண்ட்டு எடுக்க மை இல்லையேம்மா" என்றான் குலசேகரன். "நாளைக்கு..."

"கைய மூடிமேல வைங்க சார்."

"என் முடி... டை அடிச்சது."

"தெரியும். புருவம் அசல்தான?"

அவன் தாசில்தாரைப் பார்த்தான். அவர் ஃபேனைப் பார்த்தார். குலசேகரன் கையை வைத்தான். மிஷின் செருமியது, அவன் இடது புருவம் ஓரத்திலிருந்து ஒவ்வொரு முடியாக வெளுத்து முடிய, இசக்கிரேகா, தகப்பன் பெயர் ஆவுடையப்பன், இக்குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வெளியே வந்தது. ரேகா அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நீளப் பின்னல் அவள் முதுகில் கறுப்பாகவே கிடந்தது.

குலசேகரன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். "போதும்லம்மா? கெடச்சிருச்சுல்ல?"

சண்முகவடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த ஆபீஸில் முதன்முதலாக உட்கார்ந்தாள். புருஷன் போட்டோவை மடியில் வைத்து, முந்தானையால் அவன் நெற்றிப் பள்ளத்தை நீவிவிட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"மூணு செட்டு, சார்."